கிழவர் சண்டையும் நமது சிரிப்பும்

முதுமையைக் கண்டு சிரிப்பது ஒன்று. முதியவரோடு கூடிச் சிரிப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறிய விரும்புவோர் "கிரட்ஜ் மேட்ச்" என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தை ஒருமுறை பார்த்தல் தகும். "பழம்பகைப் போட்டி" என்று அப்பெயரைத் தமிழில் கூறலாம். பீட்டர் சீகல் என்பவரின் இயக்கத்தில் 2013ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் வெளிவந்தது இப்படம். அண்மையில் பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்து முதியவர் சிலருடன் அமர்ந்து இதனைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர்கள் சிரித்த இடங்களும் சிரியாத இடங்களுமே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டின.

கதை பெரிதன்று. பிட்ஸ்பர்க் நகரத்தில் ரேஸர், கிட் என இரு குத்துச்சண்டை வீரர்கள். முதற் சண்டையில் கிட் வென்றார். இரண்டாவதில் ரேஸர் வென்றார். மூன்றாவது நடந்து முடிவு காணுமுன் ரேஸர் காரணம் ஏதும் கூறாமல் ஓய்வு பெற்றுவிட்டார். முப்பது ஆண்டுகள் கழிந்தும் பகை மட்டும் ஓயவில்லை. அப்பகையைக் காசாக்க எண்ணிய இளைஞர் ஒருவர் இருவரையும் மீண்டும் மேடையேற்றுகிறார்.

ரேஸராக நடித்த சில்வெஸ்டர் ஸ்டாலோனுக்கு அப்பொழுது வயது 67. கிட்டாக நடித்த ராபர்ட் டி நீரோவுக்கு 70. முன்னவர் 1976இல் "ராக்கி"யிலும், பின்னவர் 1980இல் "ரேஜிங் புல்"லிலும் குத்துச்சண்டை வீரராகத் தோன்றிப் பெரும்புகழ் பெற்றவர்கள். ஆகவே இப்படத்தின் சிரிப்பிற் பாதி, அப்பழைய படங்களைத் தாமே கேலி செய்துகொள்வதாற் பிறப்பது. அன்று தொங்கும் இறைச்சியைக் குத்திப் பழகிய அதே நடிகர், இன்று இறைச்சிக் கூடத்தில் கையை ஓங்கும்பொழுது வயோதிக ஆசான் தடுத்துவிடுகிறார். இது நல்ல சிரிப்பு. தம்மைத்தாமே நகையாடிக்கொள்ளத் தெரிந்தவரை முதுமை இழிவுபடுத்த இயலாது. நம்முடன் இருந்த பெரியவர்களும் இவ்விடத்தில் வாய்விட்டுச் சிரித்தனர்.

அவர்கள் சிரியாத இடம் ஒன்று உண்டு. கப்பல் கட்டும் தொழிற்சாலையிற் கூலிக்கு உழைக்கும் ரேஸருக்குக் கையிற் பொருளில்லை. முதியோர் இல்லத்திலிருக்கும் தம் ஆசானுக்காகக் கட்டவேண்டிய கட்டணமோ ஏறி நிற்கிறது. அந்நிலையில் வேலையும் போய்விடுகிறது. சண்டைக்கு உடன்படாதிருந்தவர் அதன் பின்னரே உடன்படுகிறார். அவரை மேடையேற்றியது வீரமன்று, வறுமையே என்பதைக் கதை தானே ஒப்புக்கொள்ளுகிறது. ஆயினும் படம் அவ்விடத்தில் ஒரு நிமிஷமும் தங்கவில்லை. சிரிப்புக் குறைந்துவிடுமோ என்றஞ்சி ஓடிவிடுகிறது. இப்படத்தின்மேல் நமக்குள்ள குறை இதுவே.

இக்குறையைத் தோட்டத்து மக்கள் உடனே உணர்ந்ததில் வியப்பில்லை. குறைந்தபட்ச ஓய்வு வயதை அறுபதாக்கிய மலேசியச் சட்டம், இப்படம் வெளிவந்த அதே 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் ஓய்வு பெற்ற மறுநாள் அரிசிப்பானை ஓய்வெடுக்குமா? தோட்ட வேலையோடு தோட்ட வீடும் போய்விடும் நிலையிற் காலங்கழித்தவர் நம்மவர். நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் காய் பறித்த கைகள், அறுபதுக்குப் பின்னும் நாட்கூலிக்குத் தேங்காய் உரிக்கப் போவதை நாம் காண்கிறோம். "இந்த வயதிலும் உழைக்கிறாரே!" என்று புகழ்ந்துவிட்டு நகர்கின்றோம். அப்புகழ்ச்சிக்கும், மேடையைச் சுற்றி நின்று கைதட்டும் கூட்டத்தின் ஆரவாரத்திற்கும் என்ன வேறுபாடு?

உண்மை உலகத்திலும் இவ்வாறே நடந்திருக்கின்றது. ஜோ லூயிஸ் ஓய்வு பெற்ற பின்னர் வரிக்கடன் நெருக்க, 1950இல் மீண்டும் மேடையேறினார். 1951இல், 37ஆம் வயதில், மார்சியானோவிடம் அடிபட்டு வீழ்ந்தார். முகமது அலியை நம் நாட்டார் பலர் அறிவர். 1975 ஜூலையில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் ஜோ பக்னரோடு பதினைந்து சுற்றுக்கள் பொருதி வென்றவர் அவர். அவரே ஓய்வுக்குப் பின் திரும்பி வந்து, 1980 அக்டோபரில், 38ஆம் வயதில் லாரி ஹோம்ஸிடம் அடி வாங்கினார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. ஜார்ஜ் ஃபோர்மன் 1994இல், 45ஆம் வயதில், உலகப் பட்டத்தை மீண்டும் வென்றது மெய்யே. ஒருவர் வென்றதைக் காட்டி எல்லாரையும் மேடைக்குத் துரத்துவது நீதியாகாது.

இப்படத்தின் இறுதியில், மைக் டைசனையும் ஹோலிஃபீல்டையும் மறுபடி சண்டையிடுமாறு ஆசை காட்டும் வேடிக்கைக் காட்சியொன்று வருகிறது. அவ்வேடிக்கை பின்னர் மெய்யாயிற்று. ஹோலிஃபீல்ட் 2021இல், 58ஆம் வயதில் மேடையேறி முதற் சுற்றிலேயே தோற்றார். டைசனும் தமது 58ஆம் வயதில், 2024 நவம்பர் 15ஆம் நாள், 27 வயதினரான ஜேக் பாலுடன் பொருதித் தோற்றார். சுற்றின் நேரத்தை இரண்டு நிமிஷமாகக் குறைத்து நடத்தப்பட்ட அச்சண்டையை டெக்ஸாஸ் அரங்கத்தில் எழுபதினாயிரம் பேருக்கு மேல் கண்டுகளித்தனர்.

நம் தமிழ்ப் படமொன்றை இங்கு ஒப்பிடலாம். பா. ரஞ்சித் இயக்கி 2021இல் வெளிவந்த "சார்பட்டா பரம்பரை" நகைச்சுவைப் படமன்று. அதன் நாயகன் கபிலன் கிழவனுமல்லன். ஆயினும் அவனும் வீழ்ந்து, குடியால் உடல் கெட்டு, மீண்டும் மேடைக்கு வருபவனே. அவன் வீழ்ச்சிக்குக் காரணமான வறட்டு மானத்தையும், மதுவையும், அவன் மனைவி மாரியம்மாளின் கண்ணீரையும் அப்படம் ஒளிக்கவில்லை. அதில் வரும் ரங்கன் வாத்தியாரோ தாம் மேடையேறாது பிறரைப் பயிற்றி மதிப்புப் பெறுகிறார். முதியவருக்கு ஊர் அளிக்கக்கூடிய நல்ல இடம் அஃதே. பரம்பரைப் பெருமை பேசிப் பகை வளர்ப்பதில் அப்படத்தார்க்கும் அமெரிக்கக் கிழவர்க்கும் பேதமில்லை என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை.

அமெரிக்கப் படத்தைப் பற்றி நியாயமாக ஒன்று கூறவேண்டும். அதன் இறுதிச் சண்டை உயர்ந்தது. ரேஸருக்கு ஒரு கண் பார்வையில்லை என்றறிந்த கிட், அப்பக்கம் குத்துவதை நிறுத்திக்கொள்ளுகிறார். கீழே விழுந்த கிட்டை ரேஸர் கைகொடுத்து எழுப்புகிறார். முப்பது ஆண்டுப் பகை அந்த ஒரு கணத்தில் நாணித் தலைகுனிகிறது. வெற்றி யாருக்கு என்பது அதன்பின் அற்பச் செய்தியே. நம் பெரியவர்கள் கைதட்டியதும் அப்பொழுதுதான்.

விரும்பி விளையாடும் முதியவரைத் தடுக்க நாம் யார்? வயிற்றுக்காக அடிபடும் முதியவரைக் கண்டு களிக்கவும் நமக்கு உரிமையில்லை. வாசகர்கள் இப்படத்தைக் கட்டாயம் பார்க்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும். ஆனால் ரேஸர் வேலையிழக்கும் இடம் வரும்பொழுது சிறிது நிறுத்தி, தம் லயத்தின் கடைசி வீட்டில் யார் இருக்கிறார், நாளை அவர் எங்கே கூலிக்குப் போவார் என்பதை எண்ணிப் பார்ப்பார்களாக.