வறுமையின் வினாநிரல்: 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு – ஒரு பனுவல் வாசிப்பு

இந்தியாவில் வறுமைக்கோடு எண்ணுவதற்கென வரையப்பட்டதேயன்றிப் பங்கிடுவதற்கென வரையப்பட்டதன்று. 1971இல் தாண்டேகர், ரத் ஆகிய இருவரும் நாளொன்றுக்கு 2250 கலோரி என்னும் அளவைக் கொண்டு வறியோர் தொகையை மதிப்பிட்டனர். 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு அவ்வளவை ஊரகத்திற்கு 2400 எனவும் நகரத்திற்கு 2100 எனவும் பிரித்தது. இவை மாதிரி ஆய்வின்வழி விழுக்காடு காண உதவும் கருவிகள். இன்ன வீட்டார் வறியர் எனச் சுட்டும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. 1997இல் இலக்குசார் பொது வழங்கல் முறை வந்தபோது, ‘எத்தனை பேர்’ என்னும் வினா ‘யார் யார்’ என மாறிற்று. தமிழகம் இப்பாகுபாட்டை ஏற்காது அனைவருக்குமான வழங்கலைத் தொடர்ந்தது. பிற மாநிலங்கள் பலவற்றில் அரிசியின் விலையையே பட்டியல் முடிவு செய்தது.

அப்பட்டியலுக்காக 2002இல் ஊரக வளர்ச்சி அமைச்சகம் வகுத்த வினாநிரலில் 13 வினாக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. மதிப்பெண் குறையக் குறைய வறுமை மிகும் என்பது கணக்கு. மொழித்துறையினர்க்கு இதில் என்ன வேலை எனக் கேட்கலாம். வினாநிரலும் ஒரு பனுவலே; அதன் சொற்களும் மௌனங்களும் வாசிப்புக்கு உரியவை.

நிலம், வீடு, எழுத்தறிவு, உடை, உணவு, கடன் எனப் பலவற்றையும் வினவிய வகையில் இது முந்தைய முறையினும் மேம்பட்டதே. ஆயினும் எல்லா வினாவுக்கும் ஒரே எடை. மூன்று உடைகள் நான்காயின் ஒரு மதிப்பெண் கூடும். ஆண்டின் பெரும்பகுதி ஒருவேளைச் சோறும் நிறைவாக உண்ணாத வீட்டில், பொதுவாக ஒருவேளைச் சோறு கிட்டினும் அதே ஒரு மதிப்பெண்தான் கூடும். பசியைத் துணியால் ஈடுசெய்யும் இக்கூட்டல், பசித்தவர் எவரும் ஒப்பாத கூட்டல். வீட்டில் ஒருவர் பட்டம் பெற்றிருப்பின் 3 மதிப்பெண். அவருக்கு வேலை உண்டா என்பது அவ்வினாவில் இடம்பெறவில்லை.

கடன் பற்றிய வினா இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அன்றாடச் செலவுக்குத் தனியாரிடம் கடன்பட்டோர்க்கு 0. நிறுவனங்களில் மட்டும் கடன்பட்டோர்க்கு 3. கடனின்றிச் சொத்துடையோர்க்கு 4. கடனுமின்றிச் சொத்துமின்றி இருப்போர்க்கு எதுவும் இல்லை. ஈடு வைக்கப் பொருளற்றவர்க்கு, திருப்பித் தருவார் என்னும் நம்பிக்கையைப் பெறாதவர்க்குக் கடன் கொடுப்பார் யார்? ஊரில் எல்லாரினும் வறியர் அவராகவே இருத்தல் கூடும். வினாநிரலை வகுத்தோர் அவரை வெறுத்தனர் எனக் கூற இயலாது. அவர் அவர்தம் எண்ணத்திற்கு எட்டவில்லை, அவ்வளவே.

இதன்மேல் மற்றொரு தளை. வெட்டு மதிப்பெண்ணை மாநிலங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் பட்டியலின் மொத்தத் தொகை திட்டக்குழுவின் மதிப்பீட்டுக்குள் அடங்க வேண்டும். எனவே முதலில் விடை, பின்னர் வினா. ஒரே மதிப்பெண் பெற்ற இரு குடும்பங்கள் மாநில எல்லையின் இருபுறமும் இருப்பின், ஒன்று வறியது, மற்றொன்று அன்று என்றாகும். தகுதியற்றோர் நுழைவதைவிடத் தகுதியுடையோர் விடுபடுவது பெரும்பிழை என்று மதுரா சுவாமிநாதன் தம் ஆய்வுகளில் வலியுறுத்தியது இங்குப் பொருந்துகிறது. அட்டையை மிகுதியாகப் பெற்ற ஒருவரால் அரசுக்கு நேர்வது செலவு. விடுபட்டவர்க்கு நேர்வது பட்டினி. இவ்விரண்டையும் ஒரே தரத்துப் பிழைகளாகக் கருதும் ஆய்வுமொழி நடுநிலையானது அன்று.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களுள் 75 விழுக்காடு வரையிலும் நகர மக்களுள் 50 விழுக்காடு வரையிலும் உரிமையை விரித்தது. அதற்கு முன்பே, 2011இல் தொடங்கிய சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு 52 மதிப்பெண் முறையைக் கைவிட்டிருந்தது. வேறு எதுவும் வினவாமலே சேர்க்கப்பட வேண்டியோர் என அது தனி வகையொன்றை வகுத்தது. வீடற்றோரும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளும் அதில் அடங்குவர். இரந்து வாழும் ஆதரவற்றோரும் அதில் இடம்பெற்றனர். 2002இன் கடன் வினாவில் இடமற்றுப்போனவர்க்கு ஒரு கட்டம் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.