கொழும்புத் தமிழருக்கு ஓர் எம்.பி.

நுவரெலியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ தெரிவாகும் ஓர் எம்.பி.க்கு வேலை இரண்டு இடங்களில் இருக்கிறது. தலைநகரில் பேச்சு, வாக்களிப்பு, அமைச்சர்களின் வாசலில் காத்திருப்பு. ஊரில் பாதை, பாடசாலை, மரண வீடு, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். ஊருக்கு வராத எம்.பி.யை ஊர் அடுத்த தேர்தலில் கவனித்துக்கொள்ளும். கொழும்பு மாவட்டத்துத் தமிழ் எம்.பி.க்கு இந்தப் பிரிவினையே கிடையாது. கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் அவருடைய மாவட்டம். பாராளுமன்றம் இருக்கும் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயும் அதே மாவட்டம்தான். காலையில் ஒரு தூதுவரைச் சந்தித்து, மதியம் சபையில் பேசி, மாலையில் தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்தால், அன்று முழுக்கத் தன் மாவட்டத்திலேயே இருந்ததாக அவர் சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை. ஆனால் நாட்டு அரசியல் பேசுவதே தொகுதி வேலை என்று தோன்றவைக்கும் ஆபத்து இந்த வசதிக்குள் இருக்கிறது. கொழும்பு மாவட்டத்தில் பல முறை தெரிவான மனோ கணேசனின் கால் நூற்றாண்டு அரசியலில் எது நின்றது, எது நழுவியது என்று பார்க்க இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் அவர் யாருடைய எம்.பி. என்பது. கொழும்பு மாநகர எல்லைக்குள் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால் பாதிக்கு மேல். மாவட்டம் முழுவதையும் எடுத்தால் தமிழர் பத்தில் ஒருவர் அளவுதான். அந்தப் பத்தில் ஒருவரும் ஒரே ஆள் இல்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவரில் கணிசமானோருக்கு வேர் யாழ்ப்பாணத்தில். பலர் வாக்கையும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மலையகத்தோடும் தமிழ்நாட்டுக் கரையோரத்தோடும் பழைய உறவு. சந்தைத் தொழிலாளி, நகைக்கடைச் சிப்பந்தி, துறைமுகத்தில் வேலை செய்தவரின் பேரன் என்று அங்கே குடும்பங்கள் வேறு. இந்த இரண்டு கொழும்பும் ஒரே பெயருக்கு விருப்பு வாக்குப் போட்டால்தான் ஒரு தமிழர் தெரிவாக முடியும். 1947 முதல் சில தசாப்தங்கள் கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்தபோதும் நிலைமை கடினமே. சிறுபான்மையினருக்கு இடம் விடுவதற்கென்று வைத்த அந்த ஏற்பாட்டில் ரி.பி. ஜாயா போன்ற முஸ்லிம் தலைவர் வந்தார், பறங்கியரான பீற்றர் கெனமன் முப்பது வருடம் இருந்தார். கொழும்புத் தமிழருக்கென்று ஒரு நிலையான குரல் அமையவில்லை. மனோ கணேசன் 2001இல் வென்று, 2015இல் 69,064 விருப்பு வாக்கும் 2020இல் 62,091 விருப்பு வாக்கும் எடுத்தது சிறிய காரியம் அல்ல. பெரிய கட்சியின் பட்டியலில் நின்றாலும் மாநகர சபைக்குத் தன் கட்சியைத் தனிச் சின்னத்தில் இறக்கி ஆசனம் எடுத்துக் காட்டியவர். வாக்கு அவருடையது, இரவல் அல்ல.

அந்த வாக்கை அவர் சம்பாதித்த விதம் நினைவில் வைக்கத் தக்கது. 2006க்குப் பிறகான கொழும்பில் வெள்ளை வான் என்பது வாகனத்தின் பெயராக இருக்கவில்லை. ஆள் காணாமற்போனால் பொலிஸ் நிலையத்துக்குப் போகவே பயந்த காலத்தில், முறைப்பாட்டை வாங்கிப் பெயர், திகதி, இடம் என்று பதிந்து வெளியே சொல்ல மக்கள் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இருந்தது. மனோ கணேசன் அதை முன்னின்று நடத்தினார். அதில் அவரோடு நின்ற யாழ்ப்பாண எம்.பி. நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் திகதி நாரஹேன்பிட்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொழும்பு மாவட்டத்தின் இன்னொரு தமிழ் எம்.பி.யான தியாகராஜா மகேஸ்வரன் 2008 புதுவருட தினத்தில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலுக்குள் கொல்லப்பட்டார். இந்த இரண்டு மரணங்களுக்கும் இடையில் வாய் திறந்து பேசியவரை, பேச்சு மட்டும்தானே பேசினார் என்று எழுதுபவருக்கு அந்தக் கொழும்பு தெரியாது. பேசுவதே அன்று செயல்.

ஆனால் அதே காலத்திலேயே இந்த அரசியலின் எல்லையும் தெரிந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடியவர்கள். எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சத்தம் போட்டார்கள், உலகம் கேட்டது, அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். வெளியேற்றத்தை நிறுத்தியதோ மறுநாள் உயர் நீதிமன்றம் கொடுத்த இடைக்காலத் தடை. அதைக் கேட்டு மனுப் போட்டது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு. சத்தம் இல்லாவிட்டால் அந்த மனுவுக்குச் சூழல் அமைந்திருக்காது என்று வாதிடலாம். ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் கதவை அடைத்தது ஒரு தாள். 2008–2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கிலும் இதையே மறுபக்கமிருந்து காணலாம். பெயர்கள் தெரியும், கடற்படையினர் மீது குற்றச்சாட்டு உண்டு, விசாரணை வருடக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2021இல் முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான வழக்கை முன்கொண்டு செல்வதில்லை என்று சட்டமா அதிபர் முடிவெடுத்தார். வெளிச்சம் போட்டுக் காட்டியது போதவில்லை. அந்த வெளிச்சத்தை ஆட்சி மாறினாலும் அணையாத ஓர் ஏற்பாடாக மாற்ற ஒருவரும் இருக்கவில்லை.

குரல் ஆளோடு ஒட்டியிருந்தது என்பதுதான் சிக்கல். 2010 ஏப்ரலில் மனோ கணேசன் கொழும்பை விட்டுக் கண்டியில் போட்டியிட்டுத் தோற்றார். கண்டித் தமிழருக்கு எம்.பி. இல்லை என்ற அவரது நியாயம் உண்மையான நியாயம். கொழும்பில் அவர் தம்பி பிரபா கணேசன் வென்றார், சில மாதங்களிலேயே அரச பக்கம் போனார். அந்த வருடம் மே மாதம் கொம்பனித்தெருவில் மியூ வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்து, கொழும்பின் தோட்டங்களில் (தேயிலை இல்லை, ஒழுங்கைக்குள் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள்) குடியிருந்தவர்களைத் தொடர்மாடிகளுக்கு ஏற்றும் காலம் ஆரம்பமானது. கொழும்பு வடக்கின் உழைக்கும் தமிழருக்கு ஒரு கெட்டிக்கார எம்.பி. மிகவும் தேவைப்பட்ட நேரம் அது. ஒருவர் மாவட்டம் மாறியதும் ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவம் முழுவதும் ஆட்டம் கண்டது என்றால், அங்கே இருந்தது கட்சியா, ஒரு மனிதரின் தொலைபேசி இலக்கமா?

அதிகாரம் கையில் வந்த காலத்தை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். 2015இல் பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன் ஆகியோரோடு தமிழ் முற்போக்குக் கூட்டணியை அமைத்து, அந்தத் தேர்தலுக்குப் பிறகு தேசிய சகவாழ்வு, கலந்துரையாடல், அரச கரும மொழிகள் அமைச்சரானார். கொழும்புத் தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான அமைச்சு கிடையாது. சட்டம் எல்லாம் ஏற்கனவே இருந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழு வந்தது. 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகங்கள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். மொழி உரிமை மீறப்பட்டால் அழைக்க ஒரு குறுந்தொலைபேசி இலக்கமும் உண்டு: 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடத்தையே முறைப்பாட்டு இலக்கமாக வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இனி ஒரு பொலிஸ் நிலைய மேசைக்கு வாருங்கள். முறைப்பாட்டுக்காரர் தமிழில் சொல்கிறார். மேசைக்குப் பின்னால் இருப்பவர் பாதி விளங்கி, சிங்களத்தில் எழுதுகிறார். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டி, “சைன் பண்ணுங்க” என்கிறார். தான் சொன்னதுதான் அங்கே இருக்கிறதா என்று தெரியாமலே அவர் ஒப்பமிடுகிறார். பிறகு வழக்கில் அந்த எழுத்தே அவருடைய வாக்குமூலம். இது ஒரு நிலையத்தின் குறை அல்ல, தலைநகரம் முழுக்கப் பழகிப்போன நடைமுறை. நாலு வருடம் மொழி அமைச்சு ஒரு கொழும்புத் தமிழரிடம் இருந்தது. பெயர்ப்பலகைப் பிழைகள் திருத்தப்பட்டன, அமைச்சர் பல முறை நேரடியாகத் தலையிட்டுக் காரியம் முடித்துக் கொடுத்தார். ஆணைக்குழுவுக்குப் பல் வைக்கும் புதிய சட்டம் வரவில்லை. அந்த மேசையில் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வரவில்லை. அமைச்சர் தலையிட்ட இடத்தில் தமிழ் நடந்தது. தலையிடாத இடத்தில் பழைய புத்தகம், பழைய விரல்.

இதற்கு மறுப்புகள் உண்டு, சில வலுவானவை. ஒன்று: கூட்டணி ஆட்சியில் ஒரு சிறு கட்சி அமைச்சர் என்ன செய்ய முடியும்? ஜனாதிபதியும் பிரதமரும் இழுபறிப்பட்டு, 2018 ஒக்டோபரில் ஆட்சியே கவிழப் பார்த்த அரசாங்கம் அது. உண்மை. அந்த நெருக்கடியில் பக்கம் மாறாமல் நின்றதையும் அவர் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் பொலிஸ் நிலைய மேசைக்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. சுற்றறிக்கையும் ஆளணியும் மேற்பார்வையும் போதும். இரண்டாவது மறுப்பு தேர்தல் முறை பற்றியது. மாவட்டம் முழுவதும் விருப்பு வாக்குத் தேட வேண்டியவர் ஒழுங்கை வேலையில் மூழ்கினால் தோற்றுவிடுவார், தொலைக்காட்சியில் தெரிய வேண்டும் என்பது. இதிலும் அரைவாசி சரி. இருந்தாலும் 2024 நவம்பரில் தொலைக்காட்சியில் மிகவும் தெரிந்தவர்களில் ஒருவரான அவர்தான் தோற்றார். கொழும்பின் 18 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 14 எடுத்தது. அந்தக் கட்சியின் ஹரினி அமரசூரியவுக்கு மட்டும் 655,289 விருப்பு வாக்கு. மனோ கணேசன் நின்ற ஐக்கிய மக்கள் சக்திக்கு மிஞ்சிய நாலில் அவர் பெயர் இல்லை. அலை என்று சொல்லித் தப்பலாம். முன்பு கிடைத்த அறுபதாயிரம் வாக்கில் ஒரு பெரும்பகுதி இவரிடம் நின்றிருந்தால் அந்த நாலுக்குள் இவர் வந்திருப்பார் என்பதும் கணக்குத்தான்.

மூன்றாவது மறுப்பை இப்போது இளையவர்கள் சொல்கிறார்கள். தேசியக் கட்சிக்கே தமிழர் வாக்களிக்கும்போது கொழும்புத் தமிழருக்கென்று தனி எம்.பி. எதற்கு? இதற்கு நான் உடன்பட மாட்டேன். நூற்று ஐம்பதுக்கு மேற்பட்ட எம்.பி.க்கள் உள்ள ஆளுங்கட்சியில் ஒரு தமிழ் உறுப்பினர் சங்கடமான கேள்வியை எழுப்புவது கடினம். எதிர்வரிசையிலிருந்து எழுப்ப ஒருவர் வேண்டும். 2024 டிசம்பரில் தேசியப்பட்டியல் வழியாக மனோ கணேசன் சபைக்குத் திரும்பியது அந்த வகையில் நல்லதே. ஆனால் இம்முறை அவர் கையில் கொழும்பின் ஆணை இல்லை, கட்சியின் நியமனம் இருக்கிறது. மலையகக் காணி, இந்திய உதவி, அரசியல் தீர்வு என்று அவருடைய பேச்சின் பரப்பு அகலமானது. மலையகத் தமிழருக்கு அது தேவை. அகலம் கூடக் கூட கொட்டாஞ்சேனை அவர் பேச்சில் ஓர் உதாரணமாகச் சுருங்கிவிடக் கூடாது.

மாவட்ட வாக்கில்லாத எம்.பி.க்கு ஒரு சுதந்திரமும் உண்டு. விருப்பு வாக்குக்காக ஓட வேண்டியதில்லை. சபையில் வாய்மூல விடைக்கான கேள்வி கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் சட்டமும் இருக்கிறது. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, முகத்துவாரம் பொலிஸ் நிலையங்கள் ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் எத்தனை பேர்? கடந்த வருடம் தமிழில் எழுதப்பட்ட முறைப்பாடு எத்தனை? கொழும்பு வடக்குத் தொடர்மாடிகளில் குடியேற்றப்பட்டவர்களுக்குத் தமிழில் எழுதிய உடன்படிக்கை கிடைத்திருக்கிறதா? மனோ கணேசன் இந்த மூன்றையும் சபையில் கேட்டு, வரும் பதிலைக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒட்ட வேண்டும். அவர் கேட்காவிட்டால் நாமே கேட்கலாம்: பிரதேச செயலகத்திலும் பொலிஸ் திணைக்களத்திலும் தகவல் அலுவலர் இருக்கிறார், விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.