பந்தைப் பார்க்கத் தெரிந்த படங்கள்

விளையாட்டுப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கதாநாயகன் எப்படி ஜெயித்தான்? அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்ததும் கடைசிப் பந்து சிக்ஸருக்குப் பறந்தது என்றால் அதில் ஆட்டம் இல்லை. எதிராளியின் பழக்கம் ஒன்றைக் கவனித்து, அதற்கேற்ப மாற்றி ஆடி ஜெயித்தான் என்றால் உட்கார்ந்து பேசலாம். சமீபத்தில் பார்த்ததும் மறுபடி பார்த்ததுமான நான்கு படங்களை இந்தக் கேள்வியோடுதான் பார்த்தேன்.

முதலிடம் தமிழரசன் பச்சமுத்து இயக்கிய 'லப்பர் பந்து'வுக்கு (2024). இன்னும் பார்க்காதவர்கள் இந்த வாரமே பாருங்கள். படத்தின் பகையே ஓர் ஆட்ட விமர்சனத்தில்தான் பிறக்கிறது. சுற்றுவட்டாரமே கொண்டாடும் கெத்துவின் பேட்டிங்கில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அன்பு சொல்லிவிடுகிறான். அந்தப் பேச்சு ஊர் ஊராகப் போய்க் கெத்துவின் காதை எட்டுகிறது. ஊர் டோர்னமென்ட்களில் வீடியோ அலசல் கிடையாது, கோச் கிடையாது. யார் எந்தப் பந்துக்குத் தடுமாறுவார் என்ற கணக்கெல்லாம் ஆடுகிறவர்கள், பார்க்கிறவர்கள் மனதில்தான் இருக்கும். அந்தக் கணக்கைக் கதையின் முதுகெலும்பாக வைத்த படம் தமிழில் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அன்புவுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது? சாதியைக் காரணம் காட்டி 'ஜாலி ஃப்ரெண்ட்ஸ்' அணி அவனை ஒதுக்குகிறது. கூப்பிட்ட அணிக்கெல்லாம் அவன் கெஸ்ட் பிளேயராக ஆடப் போகிறான். உள்ளே சேர்க்காததால்தான் அவன் எல்லோருடைய ஆட்டத்தையும் பார்த்துவிட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. படம் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்புவாக வரும் ஹரிஷ் கல்யாண் பந்தைக் கையில் வாங்கியதும் பேட்ஸ்மேனைப் பார்க்கும் பார்வையில் அது இருக்கிறது.

கெத்துவாக வரும் அட்டகத்தி தினேஷ் அதற்கும் ஒரு படி மேலே. பெயிண்டர் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஆடப் போகும் நடுவயதுக்காரர். விஜயகாந்த் பாட்டோடு அவர் களமிறங்கும்போது விசில் பறக்கிறது. நான் பார்த்தது உடம்பை. பாடப்புத்தகக் கவர் டிரைவ் எதுவும் கிடையாது. ரப்பர் பந்துக்கே உரிய, தோளிலிருந்து வரும் சுழற்றல்தான். ஓட வேண்டிய இடத்தில் அந்த வயது தெரிகிறது, அதை அவர் மறைக்கவில்லை. மனைவி யசோதாவாக வரும் ஸ்வாசிகா டிராக்டரோடு மைதானத்துக்குள் வருகிற இடத்தில் கெத்துவின் முகத்தைக் கவனியுங்கள். எந்தப் பந்துவீச்சாளரும் அவரிடம் வரவழைக்காத பயம் அது.

ஒரே குறை: சில ஓவர்களில் வர்ணனையின் சிரிப்பு ஆட்டத்தை முந்திக்கொள்கிறது.

பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யை (2021) மறுபடி பார்த்தது கபிலன், டான்சிங் ரோஸ் குத்துச்சண்டை மோதலுக்காக. ரோஸாக வரும் ஷபீர் கல்லறக்கல் கைகளைத் தொங்கவிட்டு, இடுப்பை ஆட்டி, எட்டாத தூரத்தில் நின்று ஆசை காட்டுகிறார். பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிற்கும் தோரணை பரிச்சயம். கேமரா பல இடங்களில் கால்களுக்கு இறங்குகிறது. குத்துச்சண்டையில் அடி கிளம்புவது காலிலிருந்துதான் என்பதால் இது சரியான முடிவு. ஆர்யாவின் கபிலன் முதலில் காற்றைக் குத்துகிறான், பிறகு பொறுத்துப் பார்க்கிறான், பிடி கிடைத்ததும் அடிக்கிறான். ஒரு முழுச் சண்டையின் சிந்தனை அதில் இருக்கிறது. எதிராளி வேம்புலியோடு நடக்கும் கடைசிச் சண்டையில் அது இல்லை. குடித்துச் சீரழிந்த உடம்பு ஒரு பாட்டுக்குள் மீண்டுவிடுகிறது. ரங்கன் வாத்தியாராகப் பசுபதி இல்லாவிட்டால் அந்தப் பகுதி தாங்கியிருக்காது.

அதே பசுபதிதான் மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' (2025) படத்தில் நாயகன் கிட்டானின் அப்பா. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய கதை. கிட்டானாக வரும் துருவ் விக்ரம் ரெய்டுக்குத் தாழ்ந்து இறங்கும் விதத்தில் உழைப்பு தெரிகிறது. ஊருக்குள் சாதிப் பகை அவன் காலைப் பிடித்து இழுப்பதைப் படம் ஆழமாகச் சொல்கிறது. ஆனால் எதிரணியின் கார்னரில் நிற்பவர் யார், அவர் எப்போது பாய்வார் என்று நமக்குத் தெரியாமலே போகிறது. கிட்டான் தப்பிக்கும்போது நிம்மதி வருகிறது, எதை ஏமாற்றித் தப்பினான் என்பது மட்டும் தெரிவதில்லை. அந்த வாழ்க்கைக்காகக் கட்டாயம் பாருங்கள்.

இந்திப் படமான '83'ஐ (2021) ஒரே காரணத்துக்காகச் சிபாரிசு செய்கிறேன். 1983 உலகக் கோப்பையில், ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175. அந்த இன்னிங்ஸுக்கு வீடியோ பதிவே கிடையாது. ஸ்கோர் கார்டில் மட்டும் வாழ்ந்த ஆட்டத்துக்கு ரன்வீர் சிங் உடல் கொடுக்கிறார், ஒற்றைக் காலைத் தூக்கி அடிக்கும் அந்த நடராஜ் ஷாட் உட்பட. நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அந்த உலகக் கோப்பை அணியில் ஆடிய பல்வீந்தர் சந்து. ஸ்ரீகாந்தாக ஜீவா, சிகரெட்டும் படபடப்புமாக, நம் ஊர்க்காரரை அப்படியே கொண்டுவருகிறார்.

பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறவர்கள் ஒன்றே ஒன்றைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும் என்றால், டான்சிங் ரோஸ் சண்டையை முழுதாக, ஒவ்வொரு ரவுண்டுக்கும் நிறுத்திக் காட்டுங்கள். அடுத்த ரவுண்டில் கபிலன் எதை மாற்றுவான் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.