குழாய் எதைக் காக்கிறது?

போன மழைக்காலத்துக்கு முன்னாடி எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலைக்கு ஜேசிபி வந்தது. முதல் நாளே ஒரே வாரலில் இரண்டு கம்பெனிகளின் ஃபைபர் போய்விட்டது. ஒன்று ஆரஞ்சு நிற பைப்புக்குள் இருந்தது. இன்னொன்று, நான் மாதாமாதம் பணம் கட்டுவது, வெறும் மண்ணில் நேராகப் புதைத்தது. ஜேசிபி பல்லுக்கு பைப்பாவது மண்ணாவது! இரண்டும் ஒரே மாதிரி பிய்ந்து தொங்கின.

ஆனால் பைப்காரர்களின் இணைப்பு அன்று ராத்திரியே வந்துவிட்டது. எனக்கு மூன்று நாள். எதிர்வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, அவர்களுடைய வைஃபையில் ஆபீஸ் மீட்டிங் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆம்னி வேனில் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வந்த தம்பியிடம் காரணம் கேட்டேன்.

"அவங்களுக்கு சேம்பர்ல லூப் சுத்தி வெச்சிருக்கு சார். பைப்பைச் சரி பண்ணிட்டு, உள்ள சரசரன்னு கேபிளை இழுத்து ஒரே ஜாயிண்ட்ல முடிச்சிட்டாங்க. உங்களுது மண்ணோட மண்ணா பிடிச்சிருக்கு. இழுத்தா வராது. நடுவுல துண்டு வெச்சு ரெண்டு பக்கமும் ஜாயிண்ட் அடிக்கணும். அதுக்குப் பள்ளத்தை யாரு நீட்டறதுன்னுதான் ரெண்டு நாளா பேச்சு."

அன்றைக்குத்தான் இந்த டக்ட் சமாச்சாரத்தை உட்கார்ந்து படித்தேன். விளம்பரக் கையேடோ விளக்கக் கட்டுரையோ, எதை எடுத்தாலும் 'ஃபைபருக்கான பாதுகாப்பு உறை' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இந்த விளக்கத்தோடுதான் சண்டை. கல் குத்துவது, மண் அழுத்துவது, ஓரளவுக்கு எலி, இவற்றையெல்லாம் பைப் தடுக்கும், வாஸ்தவம். ஆனால் உறை என்று சொன்னதுமே அது கேபிளுக்குப் போட்ட சட்டை ஆகிவிடுகிறது. செலவைக் குறைக்கணும் என்றால் முதலில் கழற்றுவது சட்டையைத்தான்.

பைப்பின் நிஜமான வேலை கேபிள் நகர வழி கொடுப்பது. கணக்கு போட்டால் புரியும். கயிற்றைத் தூணில் சுற்றி இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிமானம் பெருகும் இல்லையா, அதே கதைதான் கேபிள் வளைவில் திரும்பும்போதும். கூட்டல் இல்லை, பெருக்கல். உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு செங்கோண வளைவு தாண்டினால், பின்னால் 10 கிலோவாக இருந்த இழுவை முன்னால் 66 கிலோ ஆகிவிடும். உராய்வு எண்ணை 0.1க்கு இறக்கினால் அதே வளைவுகளுக்கு 19 கிலோகூட வராது. நம் ஊரில் பரவலாகப் போடும் பிஎல்பி பைப்பின் (வெளி விட்டம் 40 மி.மீ., உள் விட்டம் 33) உட்சுவரில் நிரந்தரமான வழுவழுப்புப் பூச்சு இருப்பது இதற்காகத்தான். இழுக்காமல் ஊதியும் அனுப்பலாம். ஃபைபரைக் காற்றால் ஊதிச் செலுத்தும் முறையை பிரிட்டிஷ் டெலிகாம் 1980களில் கொண்டுவந்தது. கம்ப்ரஸர் காற்று கேபிளை வழிநெடுக உந்துவதால் நுனியில் மட்டும் பாரம் விழாது.

ஆனால் காற்று போக வேண்டுமென்றால் பைப் முழுசாக இருக்க வேண்டும். ஒரு கப்ளர் சரியாக மாட்டவில்லை, காலி பைப்பின் வாயில் அடைப்பான் போடவில்லை, உள்ளே சேறு இறங்கிவிட்டது என்றால் நீங்கள் புதைத்தது வெறும் பிளாஸ்டிக். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆழத்தை டேப் வைத்து அளந்துவிடலாம், பைப்பின் உள்ளே ஊதிப் பார்த்தால்தான் உண்டு. டெஸ்ட் எழுதாமல் கோடு எழுதுகிற எங்கள் தொழிலிலும் இதே வியாதி இருக்கிறது, அதனால் ரொம்பப் பேச எனக்கு யோக்கியதை கம்மி.

இந்த அலட்சியம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தில் 2017இல் கூகுள் ஃபைபர் சேவை தொடங்கியது. வேகமும் சிக்கனமும் வேண்டுமென்று சாலையில் சுமார் இரண்டு அங்குலக் கீறல் போட்டு, கேபிளை வைத்து, மேலே ரப்பர் மாதிரி பசையால் அடைத்தார்கள். பசை பெயர்ந்து வந்தது, கேபிள் வெளியே எட்டிப் பார்த்தது. கிட்டத்தட்ட முழு வலையையும் மறுபடி கட்ட வேண்டிய நிலை. 2019 ஏப்ரலில் கடையைச் சாத்திவிட்டு, சாலைகளைச் சரிசெய்ய நகரத்துக்கு 38.4 லட்சம் டாலர் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆழம் போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். சரிதான், ஆனால் எனக்கு அது பாதிக் காரணம்தான். கேபிளின் ஆயுசை ஒரு பசையின் ஆயுசோடு கட்டிப்போட்டதுதான் மீதிப் பாதி.

இப்போது நம் பக்கம். 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. தோண்டப் போகிறவர் முன்கூட்டியே பதிவு செய்தால், அந்த இடத்தில் கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். கண்டபடி தோண்டுவதால் ஆண்டுக்கு சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அரசே சொன்னது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அது ஏற்கெனவே இருப்பதை வெட்டாமல் தோண்டத்தான் வழி சொல்கிறது. இரண்டாவது கம்பெனியும் மூன்றாவது கம்பெனியும் ஏன் தோண்டுகின்றன என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. பதில் பைப்பில் இருக்கிறது. பிரிட்டனில் ஓப்பன்ரீச் தன் டக்ட்களையும் கம்பங்களையும் போட்டியாளர்களுக்கு வாடகைக்கு விட்டே ஆக வேண்டும், ஒழுங்குமுறை அமைப்பின் கட்டளை அது. நம்முடைய 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் எல்லாருக்கும் திறந்த பொது டக்ட் அமைக்க இடம் இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் இல்லை.

அந்த வடிகால் பள்ளம் பதினைந்து நாளுக்கு மேல் திறந்தே கிடந்தது. சுவரை ஒட்டி ஒரு காலி பைப்பைப் போட்டுவைக்கலாமே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "எஸ்டிமேட்ல இல்ல சார்" என்றார். மூடினார்கள், தார் போட்டார்கள். மூன்றாவது வாரம் வேறொரு கம்பெனியின் ஆட்கள் சுண்ணாம்புக்கோடு போட்டுவிட்டு, என் வண்டியை எடுக்கச் சொல்லி மணி அடித்தார்கள்.