படத்துக்கு ஏது சொந்த அளவு?

ஓர் அலுவலக முத்திரையை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். முத்திரையின் அகலம் 2 அங்குலம். படத்தில் 600 பிக்சல். அளவு எதுவும் சொல்லாமல் இந்தக் கோப்பை பிடிஎஃப் உருவாக்கும் மூன்று கருவிகளிடம் கொடுத்துப் பாருங்கள். லாடெக், கோப்புக்குள் பதிந்திருக்கும் 300 என்ற எண்ணைப் படித்து 5.08 செ.மீ. அகலத்தில் வைக்கும். எஃப்பிடிஎஃப் 96 டிபிஐ என்று எடுத்துக்கொள்வதால் 15.9 செ.மீ. ஆகிவிடும். ரிப்போர்ட்லேப் கணக்கில் ஒரு பிக்சலுக்கு ஒரு பாயின்ட், அதாவது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் 600 பாயின்ட். ஏ4 தாளின் அகலமே 595 பாயின்ட்தான். படம் பக்கத்தின் அகலத்தில் அடங்காது. மூன்றில் எதைக் கேட்டாலும் 'அசல் அளவில்தான் வைத்தேன்' என்றுதான் சொல்லும்.

படத்தை அசல் அளவிலேயே விடுவது ரிப்போர்ட் எழுதுகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கமாகப் பெயர் வாங்கியிருக்கிறது. ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் என்ற கருவியில் 'ரியல் சைஸ்' என்றே ஒரு தேர்வு உண்டு. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நானே அதைச் சிபாரிசு செய்திருக்கிறேன். காரணம் இல்லாமல் இல்லை. 'ஃபில் ஃப்ரேம்' என்று விட்டால் பெட்டியின் வடிவத்துக்குப் படம் இழுபடும். மேலாளர் கையெழுத்து சப்பையாகும், ஊழியர் முகம் பூசணிக்காயாகும். அதைப் பார்த்து நொந்தவர்களுக்கு 'ரியல் சைஸ்' நேர்மையாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் அங்கே கெட்டது விகிதம், அளவு அல்ல. விகிதத்தைக் காக்க 'ரிட்டெய்ன் ஷேப்' என்ற தேர்வே போதும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் நாங்கள் செய்த தப்பு.

பிடிஎஃப் அமைப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதற்குள் போகும் படத்துக்குப் பிக்சல் எண்ணிக்கை உண்டு, நீள அகலம் கிடையாது. ஒன்றுக்கு ஒன்று என்ற சதுரத்தில் படம் இருக்கும். அதை எவ்வளவு இழுப்பது என்று பக்கம்தான் தீர்மானிக்கிறது. கைப்பேசியில் எடுத்த 4000-க்கு 3000 படத்தை 3 செ.மீ. அகலத்தில் வைத்தாலும், தனியாகச் சிறிதாக்கிக் கொடுக்காதவரை, உள்ளே 1.2 கோடி பிக்சலும் உட்கார்ந்திருக்கும். நாற்பது படம் போட்ட ஆய்வறிக்கை மின்னஞ்சலில் போகாமல் திணறுவது இதனால்தான்.

அப்படியானால் அசல் அளவு வீண் பிடிவாதமா? தாளின் மேல் யாராவது ஸ்கேலையோ ஸ்கேனரையோ வைக்கப்போகிறார்கள் என்றால், இல்லை. 35-க்கு 45 மி.மீ. புகைப்படம் கேட்கிற இடத்தில் 33 மி.மீ. கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். பார்கோடு இன்னும் கறார். இஏஎன்-13 குறியீட்டின் இயல்பான அகலம் 37.29 மி.மீ.; அதன் மிக மெல்லிய கோடு 0.33 மி.மீ. ஆனால் இங்கேயே ஒரு முரண். 203 டிபிஐ ஸ்டிக்கர் பிரிண்டர் மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் அடிக்கும். 0.33 மி.மீ. என்பது 2.64 புள்ளி. பாதிப் புள்ளி அடிக்க முடியாததால் ஒரு கோடு 2, இன்னொரு கோடு 3 என்று தாறுமாறாகும். கோட்டை 0.375 மி.மீ. ஆக்கினால் சரியாக 3 புள்ளி, குறியீடு 42.4 மி.மீ. ஆகிறது, படிக்கவும் படிக்கிறது. நூலில் உள்ள அளவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் ஸ்கேனர் முழித்திருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கடைசிக் கை நம்முடையது அல்ல. ஒரு கிடங்குக்கு ஏ4 ஸ்டிக்கர் தாளில் அடிக்கும் லேபிள் செய்து கொடுத்தேன். திரையில் மில்லிமீட்டர் பிசகவில்லை. அங்கே அச்சடித்தபோது நடு வரிசைகள் சரியாக விழுந்தன. மேல் வரிசை கீழே இறங்கியிருந்தது, கீழ் வரிசை மேலே ஏறியிருந்தது. அச்சிடும் பெட்டியில் 'ஃபிட்' தேர்வாகியிருந்ததால் பக்கம் முழுவதும் நடுவை நோக்கிச் சுருங்கியிருக்கிறது. 'அச்சிடும்போது அளவை மாற்றாதே' என்று பிடிஎஃப்பிலேயே எழுதிவைக்க வழி உண்டு. அதை மதிப்பது திறக்கிற மென்பொருளின் தயவு.

ஆகவே அளவைக் காப்பதைவிட அளவுகோலைப் படத்துக்குள் வைப்பது மேல் என்பது என் கட்சி. இசிஜி தாளைப் பாருங்கள். விநாடிக்கு 25 மி.மீ. என்பது அதன் வழக்கமான கணக்கு. பிடிஎஃப்பில் வந்து சுருங்கினால் கட்டங்களும் கூடவே சுருங்கும். கட்டத்தை எண்ணுகிற மருத்துவர் தப்பமாட்டார், ஸ்கேல் வைக்கிறவர்தான் ஏமாறுவார். நம் ஊர் நிலத்தின் புலப்படத்திலும் எல்லைக் கோடுகளோடு மீட்டர் கணக்கு எழுதியிருக்கும். தாள் சுருங்கினால் 1:1000 என்ற குறிப்பு பொய்யாகும், எழுதிய நீளம் பொய்யாகாது.

'ரியல் சைஸ்' தேர்வை இப்போது நான் தொடுவதில்லை. அளந்து பார்க்கப்படும் படமென்றால் மில்லிமீட்டரில் நானே எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பெட்டிக்குள் விகிதம் கெடாமல் அடங்கினால் போதும். பக்கத்தின் அடியில் 50 மி.மீ. கோடு ஒன்றும், அருகில் 'இது 50 மி.மீ.' என்ற வரியும் போடுகிறேன். அப்படி ஒரு தாள் உங்கள் கைக்கு வந்தால், மற்ற எதையும் நம்புவதற்கு முன் அந்தக் கோட்டில் ஸ்கேலை வைத்துவிடுங்கள்.