பொய்கைக் கரையில் நின்ற கோவலன்

சிலப்பதிகாரத்தை எடுத்தாலே நம்ம தமிழ்ச் சங்கப் பட்டிமன்றங்களில் குற்றவாளி யார் என்ற கேள்வி வந்துவிடும். மாதவியின் அழகு என்பார் ஒருவர்; ஊழ் என்பார் மற்றொருவர். கானல்வரியில் ஊழைச் சொல்பவர் இளங்கோவடிகளே, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும், கட்டிய மனைவி இருக்க மனம் வேறொருத்தியிடம் போனதற்குக் கோவலன் யோசிக்கும் விதமும் ஒரு காரணம் என்பது அடியேன் கருத்து.

அரங்கேற்று காதையைப் பாருங்கள். 12 வயதில் அரங்கேறிய மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் என்று, நகரத்து இளைஞர் உலவும் தெருவில் கூனி விலை கூறுகிறாள். கோவலன் வாங்குகிறான், கூனியோடு மாதவி மனைக்குப் போகிறான், வீட்டை மறக்கிறான். வணிகர் குலத்துப் பிள்ளை, விலையைப் பார்த்தானே தவிர, வீட்டுப் பேரேட்டில் என்ன பற்று விழும் என்று எண்ணவில்லை.

கானல்வரியிலும் இதே அவசரம்தான். அவன் பாட்டைக் கேட்டு, அவனுக்கு வேறொருத்தி மேல் மனம் என்று மாதவி நினைக்கிறாள். அவளும் அப்படியே பாட, இவனும் அப்படியே நினைத்துப் பிரிகிறான். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனிற் காதையில் அவள் அனுப்பிய ஓலையையும் மறுத்துவிடுகிறான்.

இனி காடுகாண் காதை. கண்ணகியுடன் மதுரை போகும் வழியில், நீர் தேடிப் பொய்கைக்கு வருகிறான். அவன் மேல் ஆசை கொண்ட கானுறை தெய்வம், மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து காலில் விழுந்து அழுகிறது. பழைய கோவலன் என்றால் கரைந்திருப்பான். இவனோ, காட்டில் மயக்கும் தெய்வம் உண்டென்று மாங்காட்டு மறையவர் சொன்னதை நினைக்கிறான். மந்திரம் சொல்லிச் சோதிக்கிறான். தெய்வம் உண்மையைச் சொல்லி விலகுகிறது. கண்ணில் பட்டதை உரைகல்லில் உரைத்துப் பார்த்தான், அவ்வளவுதான்.

பிறகு புறஞ்சேரியில் மாதவியின் இன்னொரு ஓலையைப் படித்து, தீது அவளுடையதல்ல, தன்னுடையதே என்று தெளிகிறான். கோபம் போயிற்று, அதற்காக அவளிடம் திரும்பி ஓடவும் இல்லை.

வறுமைதான் அவனை மாற்றியது என்பார்கள். வறுமைப்பட்டவர் எல்லோரும் நின்று யோசிப்பதில்லையே! அந்தப் பழக்கமும் அவனிடம் முழுதாக ஊறவில்லை. மதுரையில் பொற்கொல்லன் பேச்சைச் சோதிக்காமல் நம்பினான், உயிர் போயிற்று.

பிழைப்புக்காக வெளியூர் வந்த நம் குடும்பங்களில், மாதக்கணக்கில் பிரிந்திருக்கும் தம்பதிகள் உண்டு. பிள்ளைகளுக்குக் கண்ணகியின் கற்பை மட்டும் சொல்லி வளர்க்கிறோம். பொய்கைக் கரையில் ஒரு நொடி நின்று யோசித்த கோவலனையும் சொல்லிக் கொடுங்கள்; ஆண்பிள்ளைகளுக்கு முக்கியமாக.