டயாப்லோ: மீண்டும் ஆடத் தூண்டுவது எது?

முடிவை அறிந்த பின்னும் ஒரு படைப்பு நம்மை மீண்டும் அழைக்குமாயின், அதன் சுவை கதையில் மட்டும் இல்லை என்பது தெளிவு. வெல்பவர் யார் என்று அறிந்தே தெருக்கூத்தின் முன் விடியும்வரை அமர்ந்திருப்போர் இதனை நன்குணர்வர். கணினி விளையாட்டுகளுள், ஒரு பாத்திரத்தை ஏற்று, போரிட்டு, அதனைப் படிப்படியாக வளர்க்கும் வகைக்கும் இவ்வியல்பு உண்டு. அவ்வகையில் பெயர்பெற்ற ‘டயாப்லோ’ வரிசையின் முதல் இரு ஆட்டங்களை ஈண்டு நோக்குவோம்.

1996ஆம் ஆண்டு முடிந்து 1997 பிறக்கும் வேளையில் முதல் ஆட்டம் வெளிவந்தது. கதை எளியது. டிரிஸ்ட்ரம் என்னும் சிற்றூர், அங்கே பாழ்பட்ட தேவாலயம், அதன் கீழே 16 அடுக்குகள், அடியில் பேய்த்தலைவன். போர்வீரன், வில்லேந்திய மங்கை, மந்திரவாதி ஆகிய மூவருள் ஒருவராய் நாம் இறங்குகிறோம். புதிதாய்த் தொடங்கும்தோறும் அறைகளையும் வழிகளையும் கணினி மாற்றி அமைக்கிறது. இம்முறை, 1980இல் வெறும் எழுத்துக்குறிகளால் வரையப்பட்ட ‘ரோக்’ ஆட்டத்தின் வழிவந்தது. அம்மரபில் தோய்ந்த டேவிட் பிரெவிக், முதலில் முறைவைத்து ஆடும் ஆட்டமாகவே இதனைத் திட்டமிட்டார். பின்னரே அது இடைவிடாப் போராக மாறியது.

ஆயின், வழி மாறுவது மட்டும் போதுமா? போதாது. வழி மாறினால் வியப்புப் பிறக்கும். ஆடுவோரும் மாறினால்தான் பொருள் பிறக்கும். 2000இல் வந்த இரண்டாம் ஆட்டம் இதனை மெய்ப்பித்தது. அதில் ஐவகை வீரர். 2001இல் வந்த விரிவாக்கத்தால் எழுவர். வீரர் ஒவ்வொரு படி உயரும்போதும் ஒரு திறன்புள்ளி கிட்டும். அதனை நெருப்பில் இட்டால் பனிக்கு இல்லை. இட்டதை மீட்கவும் வழியில்லை. ஆகவே, இரண்டாம் முறை ஆடுவது முதல் முறைக்கு நாமே எழுதும் மறுப்புரை ஆகிறது. மாண்ட வீரர் மீளவே இயலாத கடுமுறை ஒன்றும் அதில் உண்டு. அங்கே எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் எடை உண்டு.

குறையும் இல்லாமல் இல்லை. அரும்பொருள் ஒன்று விழுமோ என்னும் ஆசையால் ஒரே பகைவனை நூறு முறை கொல்வோர் பலர். அதுவும் மறுபடி ஆடுதலே. எனினும் அதனை ஈர்ப்பது கலையன்று, சூதின் வேட்கை. கற்றதனால் திரும்புவது வேறு. கிடைக்குமென்று திரும்புவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது திறனாய்வு ஆகாது.

2010இல் வந்த திருத்தம், இட்ட புள்ளிகளை மீட்டு மாற்றிக்கொள்ள இடமளித்தது. அக்கருணையைப் பழிப்பதற்கில்லை. ஆயினும், மீண்டும் தொடங்குவதற்கான வலுவான காரணம் ஒன்று அதனால் மெலிந்தது.

2021இல் இவ்வாட்டம் புதிய ஓவியங்களுடன் மறுபிறப்பு எய்தியது. கணினியில் ஒரு விசையைத் தட்டினால் பழைய ஓவியம் தோன்றும். மீண்டும் தட்டினால் புதியது தோன்றும். எதனைக் கண்டாலும் ஆட்டம் ஒன்றே. பழமையின் கவர்ச்சி மங்கிய படத்தில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. தேர்ந்ததற்கு விலை கொடுக்க வைக்கும் அமைப்பிலேயே அது வாழ்கிறது.